மச்சான் என்னை 'சார்' என்று கூப்பிட்ட நாள்

என் மச்சான் பிச்சைமுத்து பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் ஓர் உண்மையை அது இருக்கிற கோலத்திலேயே வெளியே அனுப்பவும் மாட்டார். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டித்தான் அனுப்புவார். கரும்பு டிராக்டர் ஓட்டிய காலத்தில், "நான் ஒரு நாளு போவலன்னா ஆலையில அரவையே நின்னுடும் மாப்ள" என்பார். அவர் போகாத நாட்களிலும் ஆலை அரைத்துக்கொண்டுதான் இருந்தது. இதைச் சொன்னால் என் மனைவி கோகிலவாணிக்குக் கோபம் வரும். அவளுக்கு அவர் ஒரே அண்ணன். அப்பா இல்லாத வீட்டில், எலவனாசூர்கோட்டைப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்டு, மணலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருந்த எனக்கு அவளைக் கட்டிக்கொடுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான். அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில்.

டிராக்டர் பெட்டியின் பின்கதவு முழங்காலில் விழுந்த பிறகு மச்சான் வண்டி ஓட்டுவதை விட்டார். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த தன் மனைவி செவ்வந்தியின் ஊரிலேயே குடியேறினார். அந்த ஊருக்கு வெளியே அவுரி பங்களா என்று ஒரு பாழடைந்த கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறவைத்து நீலச் சாயம் எடுத்த இடமாம். பின்னால் அது மரவள்ளிக் கிழங்குக் குடோன் ஆனது. அதற்கு மச்சான் காவல். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வௌவால் நாற்றம் தாங்காமல் வாசலோடு திரும்பிவிட்டேன். சாயத் தொட்டியில் ஓர் எருமை சுகமாகப் படுத்திருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் போனில் சொன்னார்.

"மாப்ள, பங்களாவ சென்னைக்காரங்க வாங்கிட்டாங்க. ரிப்பேரு பண்ணிக்கினு இருக்காங்க. இனிமே நாந்தான் மேனேஜரு."

வாங்கியவர்கள் கதவு, ஜன்னல், பிச்சைமுத்து மூன்றையும் சேர்த்துத்தான் கிரயம் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ரிப்பேர், எதற்கு மேனேஜர் என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த ஆவணியில் எங்கள் மகள் தனுஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. தாம்பூலத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போய், அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வேறு எந்த வீட்டுக்கும் பத்திரிகை நீட்ட முடியும். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவதும் அவர்தான். எங்கள் சனம் பந்தியில் உப்பு கம்மி என்றால் மன்னித்துவிடும். மணவறையில் தாய்மாமன் இல்லை என்றால் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் பேசும்.

தனுஷா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். மாமா வீட்டில் இருப்பது ஒரே கூடம். அதில் இரண்டு மகன்கள், மருமகள்கள், குழந்தைகள், ஒரு கிரைண்டர். இவள் ஒரு யோசனை சொன்னாள்.

"அம்மா பொறந்ததுலேந்து ஒரு ஹோட்டல்ல தங்குனதில்லப்பா. மாமா ஊரு கிட்டவே பழைய காலத்து பங்களா ஒண்ண கெஸ்ட் ஹவுஸா மாத்தி வச்சிருக்காங்க. சாயந்தரம் போய் அங்க தங்கலாம். அம்மா ஒரு நாளு ராணி மாரி இருக்கட்டும். காலைல நேரா ஊர்லேந்து வர்ற மாரி மாமா வூட்டுல போய் நிப்போம்."

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" என்றாள் கோகிலவாணி.

அவள் பயம் நியாயமானது. அண்ணன் இருக்கிற ஊருக்கு வந்த தங்கை காசு கொடுத்து வெளியில் தங்கினாள் என்றால், அண்ணன் உயிரோடு இல்லை என்று மைக் வைத்துச் சொன்னதற்குச் சமம். தனுஷாவோ, "மாமாவுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று போனில் படம் காட்டினாள். நீலத் தண்ணீர் நிறைந்த நீச்சல் குளம். பளபளவென்று சிவப்புத் தரை. தேர் மாதிரி ஒரு கட்டில். பெயர் 'ப்ளூ கோர்ட்யார்ட்'. நான் ஒரு நாளைக்கான வாடகையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

கார் அந்த இரும்புக் கேட்டின் முன்னால் நின்றது. நீலச் சட்டை, நீலத் தொப்பி போட்ட ஒருவர் லேசாக நொண்டிக்கொண்டே வந்து கேட்டைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "வெல்கம் டு ப்ளூ கோர்ட்யார்ட்" என்றார். நிமிர்ந்தார். காருக்குள் தன் தங்கையைப் பார்த்தார்.

வௌவால் நாற்றமடித்த அவுரி பங்களாதான் போட்டோவில் பளபளத்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவர் கை தலைக்கு மேலே போய் நின்றது. பிறகு அதை அழுத்தி மாட்டிக்கொண்டார்.

"வாங்க சார். வாங்க மேடம். ட்ராவல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?"

என்னை அவர் திட்டியிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு கறிவிருந்தில் நல்லி எலும்புக்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறார். ஒருநாளும் 'சார்' என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லில் எனக்கு வியர்த்துவிட்டது. கோகிலவாணி காரிலிருந்து இறங்கி, "ண்ணா" என்றாள்.

"பெட்டிய குடுங்க மேடம். நாங்கதான் எடுத்துக்கினு வரணும்."

"நீ தூக்காதண்ணா!"

"ரூல்ஸ் மேடம்."

பெட்டியின் கைப்பிடியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அண்ணன்தான் ஜெயித்தார். தங்கையின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மேனேஜர் என்று எங்களிடம் சொல்லியிருந்த அந்த மனிதர் படியேறிப் போனார். அவருக்கும் வெட்கம், எங்களுக்கும் வெட்கம். யார் வெட்கம் பெரியது என்று தெரியாமல் நாங்கள் பின்னால் போனோம்.

போனவர் சும்மா இருந்தாரா? பங்களாவைச் சுற்றிக் காட்டினார். கோபத்திலும் அவருக்கு வரலாறு சொல்லாமல் இருக்க முடியாது.

"இது துரை காலைல குளிச்ச தொட்டி சார்."

எருமை குளித்த தொட்டி என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

"இது துரை படுத்த கட்டில். நூத்தம்பது வருஷம் ஆவுது. சீமைலேந்து கப்பல்ல வந்துச்சு."

சீமையிலிருந்து வந்த அந்தக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில், தாமரை மேல் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் யானை. துரை பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோகிலவாணியின் கவலை வேறு. ஜன்னலில் தெரியும் மலையைப் பார்த்தாள், சூரியன் இறங்கும் பக்கத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"ண்ணா, தலமாடு வடக்க இருக்குது."

"ஆமாங்க மேடம். போட்டோவுல ஜன்னலு தெரியணும்னு ஓனரம்மா அப்படிப் போட்டாங்க. கட்டில நகத்தக் கூடாது. தரையில கீறலு வுழுந்துடும். ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். "சின்ன வயசுல நான் வடக்க தல வச்சுத் தூங்கிட்டா பாயோட இழுத்துத் திருப்பிப் போடுவாரு. இப்ப மேடம்றாரு" என்றாள். கண் கலங்கிவிட்டது.

சாயந்தரமே அவள் தாம்பூலத் தட்டை எடுத்தாள். பத்திரிகை, பழம், பூ, வெற்றிலை பாக்கு, அண்ணனுக்கு வேட்டி சட்டை எல்லாம் வைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். மச்சான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டூட்டில இருக்கறேன் மேடம். கெஸ்ட்டு கிட்ட எதுவும் கை நீட்டி வாங்கக் கூடாது."

"நான் கெஸ்ட்டாண்ணா?"

"ரூம் போட்டிருக்கீங்களே."

தனுஷா இடையில் புகுந்தாள். "மாமா, தப்பு என்னுதுதான். நாந்தான் புக் பண்ணேன். இது உங்க பங்களான்னே தெரியாது."

"இன்னா தப்பு இருக்குது பாப்பா? வசதியானவங்க தங்கத்தான கட்டி வச்சிருக்குது? எங்க வூட்டுல ஏசியா இருக்குது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் தெரியாமல் நடந்த ஒன்றுக்கு இவ்வளவு வீம்பா? செவ்வந்தி அக்காவுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். அவர் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார்.

"அவரு இல்லாம நான் தட்ட வாங்க முடியாதே தம்பி. கெஸ்ட்டு இருந்தா அவரு வூட்டுக்கே வர மாட்டாரு, அங்கயேதான் படுப்பாரு. கெஸ்ட்டு போனாத்தான் வருவாரு."

"அந்த கெஸ்ட்டே நாங்கதானக்கா!"

"அதான் சொல்றேன்" என்று மறுபடியும் சிரித்தார். கேட்காமலேயே மிச்சத்தையும் சொன்னார். சமையல், பெருக்குவது, துணி வெளுப்பது, தொட்டி கழுவுவது எல்லாம் மேனேஜர்தான். துரையின் கட்டிலைப் போன வருடம்தான் காரைக்குடியில் வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். இறக்கியவர்களில் மச்சானும் ஒருவர். "மூணு நாளு முதுகு வலின்னு படுத்தாரு."

நான் அறைக்கு வந்து, "கெளம்பு. தட்ட எடுத்துக்கினு ஊருக்குப் போவலாம். அவரு வந்து நம்மகிட்ட கேக்கட்டும்" என்றேன்.

"தாய்மாமனுக்கு எடுத்த தட்ட அப்படியே வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போறதா? நல்ல காரியம்ங்க" என்றாள் கோகிலவாணி. காரில் பத்திரிகைக் கட்டுகள் அப்படியே கிடந்தன. இந்த ஒரு மனிதர் கை நீட்டும்வரை அதில் ஒன்றைக்கூடப் பிரிக்க முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் சாமைச் சோறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் பரிமாறினார். சும்மா சொல்லக் கூடாது, குழம்பு அருமை. ஆனால் அவர் துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"நீயும் உக்காருண்ணா."

"பரவால்ல மேடம். உங்களுக்கு வேற இன்னா வேணும்?"

கோகிலவாணி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். நேராக அறைக்குப் போனவள் கட்டிலில் இருந்த போர்வையை உருவித் தரையில் விரித்தாள். வடக்கே தலை வைக்க முடியாது. மாறிப் படுத்தால் கால் லட்சுமிமேல் படும். ராணி மாதிரி இருக்கட்டும் என்று மகள் போட்ட அறையில் என் மனைவி வெறுந்தரையில் படுக்கப் போனாள். அம்மா ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்த தனுஷா, பக்கத்து அறையில் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

தண்ணீர் ஜாடியோடு மச்சான் வாசலுக்கு வந்தார். தரையில் விரித்த போர்வையைப் பார்த்தார். அதன்மேல் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

"எதை?"

"கட்டில, சார்."

"நகத்தக் கூடாதுன்னு..."

"புடிங்கன்றேன்ல சார்."

பிடித்தேன். அது கட்டில் இல்லை, நாலு காலில் நிற்கிற ஒரு மாட்டு வண்டி. சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பாதி திருப்பியபோது என் கை வழுக்கி, கட்டில்கால் தரையில் கிரீச்சென்று இழுத்தது. அதன் அடுத்த கால் என் பாதத்தை நோக்கி வந்தது.

"யோவ் மாப்ள! கால எடு! கால எடுய்யா, நசுங்கிடப் போவுது! இந்த வயசுல நொண்டியா ரெண்டு பேரும் மணவறையில நிக்கறதா? நல்லாப் புடி மாப்ள, சோறு துன்னல?"

கட்டில் தெற்கே தலைமாடாகப் போய் உட்கார்ந்தது. மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரி ஆனது.

"...சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

சிவப்புத் தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறல். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். "ஓனரம்மா கேட்டா?" என்றாள் கோகிலவாணி.

"நான் பாத்துக்கறேன். தூங்கு" என்றார். 'தூங்குங்க மேடம்' என்று சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி காபி கொண்டுவந்தார். பெட்டியைத் தூக்கி வந்து காரில் வைத்தார். நெஞ்சில் கை வைத்து, "தேங்க்யூ சார். மறுபடியும் வரணும்" என்றார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோகிலவாணி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப எங்கப்பா போறது?" என்றாள் தனுஷா.

"உங்க மாமா வூட்டுக்குத்தான். அவரு வரலன்னா வாசல்லயே உக்காந்துக்குவோம்" என்றேன். எனக்கும் வீம்பு உண்டு.

பெரிய ரோடு சுற்றிக்கொண்டு போகும். வாய்க்கால் கரைக் குறுக்கு வழியில் ஒரு மொபெட் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்ததை தனுஷாதான் முதலில் பார்த்தாள். ஓட்டியவர் தலையில் நீலத் தொப்பி.

நாங்கள் தெருவில் திரும்பியபோது வீட்டு வாசலில் மச்சான் வேட்டி சட்டையில் நின்றிருந்தார். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. நெற்றியில் தொப்பி அழுத்திய தடம் அப்படியே இருந்தது. மூச்சு இன்னும் வாங்கியது. எதிர்வீட்டு ராஜாம்பாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் இரண்டு தலை தெரிந்தது.

"வா கோகிலா! வாங்க மாப்ள! பாப்பா, வாம்மா கல்யாணப் பொண்ணு! இன்னா இவ்ளோ காலைல? போன் பண்ணியிருந்தா ரோட்டுக்கே வந்திருப்பேனே!"

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, குரலைக் கொஞ்சமும் குறைக்காமல், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கேட்டார்.

"ராவே கெளம்பிட்டீங்களா? ராத்திரி எங்க தங்குனீங்க?"

தனுஷா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ராஜாம்பாள் கோலத்தை மறந்து நின்றார். கோகிலவாணி தட்டோடு காரிலிருந்து இறங்கி, அண்ணன் எதிரே போய் நின்றாள்.

"இன்னாண்ணா இப்படிக் கேக்கற? உன் ஊருக்கு வந்துட்டு எங்க தங்குவேன்? நீ இருக்கற எடத்துலதான் தங்கினேன்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மச்சான் இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினார். வாங்கியவர் கொஞ்ச நேரம் அதை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். செவ்வந்தி அக்கா உள்ளே இருந்து வந்து, "பொத்தான ஒழுங்காப் போட்டுக்கினு வாங்கக் கூடாதாய்யா" என்றார்.

கல்யாணத்துக்கு மச்சான் சீரோடு வந்தார். தனுஷாவைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். அதற்கு முன்னால் மண்டப வாசலில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்து "வெல்கம் சார், வெல்கம் மேடம்" என்றார். பெண்ணின் தாய்மாமன் பெரிய ஹோட்டல் மேனேஜராம் என்று சம்பந்தி என்னிடம் மரியாதையாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

போன வாரம் தனுஷா போனில் கூப்பிட்டாள். அந்த பங்களாவில் தங்கிய பெங்களூர்க்காரர் ஒருவர் நெட்டில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினாள். கட்டடம் அழகு, சாப்பாடு அருமை, எல்லாவற்றையும்விட அங்கிருந்த பெரியவர் சொன்ன வரலாறு மறக்க முடியாதது. அந்த அறைத் தரையில் நூற்றைம்பது வருடத்துக் கீறல் ஒன்று இருக்கிறதாம். துரையின் தங்கை சீமையிலிருந்து வந்திருந்தாளாம். ஏதோ கோபத்தில் துரை அவளோடு பேசவில்லையாம். ஆனாலும் அவள் தரையில் படுக்கப் போனதைப் பார்த்துப் பொறுக்காமல், முழங்கால் வலியோடு அந்தக் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டாராம்.

"கூட ஒரு வேலைக்காரன் புடிச்சானாம்பா. ஆனா அவனுக்கு பலம் கம்மியாம்" என்றாள்.

வேலைக்காரன்! நான் பேச வாயெடுப்பதற்குள் கோகிலவாணி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தத் துரை கதைய இன்னொரு வாட்டி படி பாப்பா" என்றாள்.